முட்டை ஓட்டில் ஓர் எண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்ணை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி, நாட்டுக்கோழி முட்டை என்று சொல்லி விற்றவர்கள் பிடிபட்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். ஏமாந்தவர்களைப் பற்றிய கவலை அதில் இருந்தது. அது நியாயமான கவலைதான். ஆனால் படித்து முடித்தபோது என் மனத்தில் நின்றது வேறொன்று. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கொடுத்து ஒருவர் அந்த முட்டையை வாங்குகிறார் என்றால், அதை இட்ட கோழி எப்படி வளர்ந்தது என்பதில் அவருக்கு ஏதோ ஓர் அக்கறை இருக்கிறது. அந்த அக்கறை கோழியைப் போய்ச் சேர்வதற்கு நம் நாட்டில் ஒரு வழியும் இல்லை. சாயம் ஏற்றியவரைத் தண்டித்துவிட்டாலும் அந்த வழி திறந்துவிடாது. அதனால்தான் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் நாமக்கல் மாவட்டத்துக்காரி. 1986இல் சத்துணவு அமைப்பாளராகப் பணியில் சேர்ந்து, 2018இல் ஓய்வு பெற்றேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு என் பொறுப்பில் அவித்துக் கொடுத்த முட்டைகள் எத்தனை லட்சம் இருக்கும் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, வாரத்துக்கு ஒன்றாகி, இரண்டாகி, மூன்றாகி, 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்று ஆனது. முட்டை போடும் நாளில் வருகைப் பதிவேடு நிறைந்திருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை, மஞ்சள் கருவைக் கடைசியாகச் சாப்பிடலாம் என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துக் காத்திருப்பதை நான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். ஆகவே, கூண்டுக் கோழியைப் பற்றிப் பேசும்போது மலிவான முட்டையின் அருமை தெரியாமல் நான் பேசவில்லை என்பதை முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த முட்டைகள் வந்த இடமும் எனக்குத் தெரியும். என் தம்பி 1988இல் ஐயாயிரம் கோழிகளோடு ஒரு பண்ணை தொடங்கினான். கிணறு வற்றிப்போன காட்டில் வேறு எந்த வெள்ளாமையும் கைகொடுக்காத காலம் அது. முதலில் ஆழ்கூள முறையில்தான் வளர்த்தான். தரையில் நெல் உமியும் கடலைத் தோலும் பரப்பி, அதன்மேல் கோழிகளை விடுவார்கள். மழைக்காலத்தில் கூளம் ஈரமாகிவிட்டால் ரத்தக் கழிச்சல் வரும். ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கில் சாகும். முட்டைகளைக் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டும். பாதி முட்டையில் எச்சம் ஒட்டியிருக்கும். பிறகு எல்லோரையும் போல அவனும் கூண்டுக்கு மாறினான். கம்பிக் கூண்டில் எச்சம் கீழே விழுந்துவிடுகிறது, முட்டை சரிவில் உருண்டு முன்பக்கம் வந்துவிடுகிறது, தீவனம் வீணாவதில்லை, ஒரே ஆள் ஆயிரக்கணக்கான கோழிகளைப் பார்த்துக்கொள்ள முடிகிறது. கூண்டுக்கு மாறிய பண்ணையாளர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் அல்லர். நோயிலிருந்தும் கடனிலிருந்தும் தப்பிக்கவே அவர்கள் மாறினார்கள்.

ஆனாலும் அந்தக் கொட்டகைக்குள் நான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. 15 அங்குல நீளமும் 12 அங்குல ஆழமும் கொண்ட ஒரு கூண்டில் மூன்று கோழிகள். கணக்குப் போட்டால் ஒரு கோழிக்குக் கிடைப்பது 60 சதுர அங்குலம், அதாவது 400 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. பிள்ளைகள் தேர்வெழுதும் ஏ-4 தாளின் பரப்பு 620 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அந்தத் தாளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான இடத்தில்தான் ஒரு கோழி தன் முட்டையிடும் காலம் முழுவதும் நிற்கிறது. காலுக்கடியில் மண் கிடையாது, சரிந்த கம்பிதான் உண்டு. 1989இல் பிரிட்டனில் விலங்கு நடத்தை ஆய்வாளர் மரியன் டாக்கின்ஸ், கோழிகளை மேலிருந்து படம் பிடித்து, ஒவ்வோர் அசைவுக்கும் எவ்வளவு இடம் தேவைப்படுகிறது என்று அளந்தார். சிறகை நீட்டிச் சோம்பல் முறிக்க ஏறத்தாழ 900 சதுர சென்டிமீட்டரும், சிறகடிக்க அதைப் போல இரண்டு மடங்கும் தேவைப்பட்டன. நம் கூண்டில் இருப்பது அதில் பாதிகூட இல்லை.

எங்கள் தாயார் வீட்டில் சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகள் இருந்தன. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் அவை எருக்குழிக்கு ஓடும். காலால் சீய்த்துச் சீய்த்துப் பூச்சி பொறுக்கும். வெயில் ஏறியதும் வேலியோரப் புழுதியில் குழி பறித்துப் புரளும். முட்டையிடும் நேரம் வந்தால் படபடப்போடு ஒவ்வொரு மூலையாகத் தேடும். அடுக்குப்பானை இடுக்கோ சாணிக்கூடையோ, மறைவான ஓர் இடம் கிடைத்த பிறகுதான் உட்காரும். இட்டு முடித்ததும் ஊருக்கே கேட்கும்படி கேறும். பொழுது சாயும்போது முருங்கை மரக் கிளையில் ஏறிக்கொள்ளும். பண்ணையில் இருக்கும் வெள்ளை லெகார்ன் கோழி வேறு இனம்தான். ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. ஆனால் அதன் உடம்பிலும் இதே நாட்டம் அப்படியே இருக்கிறது. முட்டையிடுவதற்கு முன் அது கூண்டுக்குள் அங்குமிங்கும் தலையை நுழைத்துத் தவிப்பதையும், புழுதியே இல்லாத வெறும் கம்பியில், தீவனத் தொட்டியின் ஓரத்தில், மண் குளிப்பது போல் உடம்பைத் தாழ்த்தி அசைப்பதையும் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீவனத்தில் கிளிஞ்சலைச் சேர்த்தாலும், நடமாட்டமே இல்லாத கோழியின் எலும்பு மெலிந்துபோகிறது. ஒன்றரை வயது தாண்டியதும் அவற்றைக் கழித்து, கறிக்கு ஏற்றி அனுப்பும்போது, பிடிக்கிற பிடியிலேயே கால் ஒடிந்த கோழிகளை என் தம்பியே வேறு பக்கம் திரும்பிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவன் அன்று திரும்பிக்கொண்டதை நான் மறக்கவில்லை. தப்பு என்று உள்ளே தெரிந்தும் வேறு வழியில்லாத ஒருவர் செய்வது அது.

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, நியாயமான அளவு நடமாடுவதற்குப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் எந்த விலங்கையும் அடைப்பது குற்றம் என்கிறது. 2017இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையை முட்டைக்கோழிகள், கறிக்கோழிகள் ஆகியவற்றின் பராமரிப்புக்கும் போக்குவரத்துக்கும் என்றே ஒதுக்கியது. 2019இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டராவது வேண்டும் என்றன. அதுவும் ஒரு தாளின் அளவை எட்டவில்லை. அந்த 550கூட, என் ஊரைச் சுற்றி நான் போய்வருகிற பண்ணைகளின் கூண்டுகளில் இல்லை. உச்ச நீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் அளித்த தீர்ப்பில், பசி தாகம், அச்சம், உடல் உபாதை, நோய் ஆகியவற்றிலிருந்து விடுதலையும், இயல்பான நடத்தைக்கு உரிய விடுதலையும் விலங்குகளுக்கு உண்டு என்று எடுத்துச் சொன்னது. அந்த வழக்கின் முடிவு பின்னர் மாறியது நமக்குத் தெரியும். காளை எங்கள் வீட்டுப் பிள்ளை, அதை வதைப்பதாகச் சொல்லாதீர்கள் என்று அப்போது வாதாடிய ஊர் இது. அந்த வாதத்தை நானும் நம்பினேன். கோழியும் அதே வாசலில் வளர்ந்ததுதான்.

இப்போது வாங்குகிறவரின் பக்கத்துக்கு வருகிறேன். கடைக்குப் போகும் ஒருவரிடம் கோழி எப்படி வளர்ந்தது என்பதைக் காட்டும் அடையாளங்களாக இன்று இருப்பவை மூன்று: ஓட்டின் நிறம், மஞ்சள் கருவின் நிறம், விற்பவரின் வாய்ச்சொல். மூன்றும் நம்பத்தக்கவை அல்ல.

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழிகளை வெள்ளைக் கோழிகளை வளர்ப்பது போலவே கூண்டில் அடைத்து வளர்க்கலாம், வளர்க்கிறார்கள். சாயம் ஏற்றாத, அசலான பழுப்பு முட்டைகூடத் திறந்த வெளியில் மேய்ந்த கோழி இட்டது என்பதற்குச் சான்று ஆகாது. மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது. மக்காச்சோளத்தைக் கூட்டினாலோ செண்டுமல்லிச் சாற்றைச் சேர்த்தாலோ கரு செம்மஞ்சளாகிவிடும். அதற்குக் கோழி ஒரு புல்லைக்கூடக் கொத்தியிருக்க வேண்டியதில்லை. வாய்ச்சொல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நகரத்துக் கடைகளில் ஆறு முட்டை கொண்ட அட்டைப் பெட்டியில் பச்சைப் புல்வெளிப் படமும் இயற்கை, பண்ணைப் புதியது, நலமிகு என்ற சொற்களும் அச்சாகியிருக்கின்றன. இவற்றில் எந்தச் சொல்லும் ஒரு கோழிக்கு இத்தனை சதுர சென்டிமீட்டர் என்று வாக்குக் கொடுப்பதில்லை. சென்னையில் இருக்கும் என் மகள் அப்படியொரு பெட்டியை நல்லெண்ணத்தோடு வாங்கி வந்து என்னிடம் காட்டினாள். எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தேன். அந்தக் கோழி கூண்டில் இருந்ததா வெளியில் இருந்ததா என்பதற்கு ஒரு வரி இல்லை.

சத்து என்ற பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அதை நானே தெளிவுபடுத்தினால்தான் நேர்மை. ஒரு முட்டையில் இருக்கும் ஏறத்தாழ 6 கிராம் புரதம் கூண்டு முட்டையிலும் மேய்ச்சல் முட்டையிலும் ஒன்றுதான். பச்சைத் தீவனம் தின்னும் கோழியின் முட்டையில் சில கொழுப்பமிலங்களும் உயிர்ச்சத்துகளும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு, சத்துணவு முட்டை தின்ற பிள்ளைக்கு ஏதோ குறைந்த பொருள் கொடுக்கப்பட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் பேசுவது கோழியின் வாழ்வைப் பற்றி. உடல்நலம் என்ற வேறொரு காரணத்தைக் காட்டி அதை விற்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் குழப்பத்துக்கு எளிய தீர்வு கண்டார்கள். 2004 முதல் அங்கே கடைக்கு வரும் ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் ஓர் எண் அச்சாகிறது. 0 என்றால் இயற்கை வேளாண் முறை. 1 என்றால் திறந்த வெளியில் மேய்ந்த கோழி. ஒரு கோழிக்கு வெளியில் 4 சதுர மீட்டர் இடம் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. 2 என்றால் கொட்டகைக்குள்ளேயே, ஆனால் கூண்டில்லாமல், தரையில் நடமாடிய கோழி. 3 என்றால் கூண்டுக் கோழி. எண்ணை அடுத்து நாட்டின் குறியீடும் பண்ணையின் அடையாளமும் இருக்கும். வாங்குகிறவர் படம் பார்த்து ஏமாற வேண்டியதில்லை. முட்டையைக் கையில் எடுத்துத் திருப்பினால் போதும். இந்த எண் வந்த பிறகு, ஜெர்மனியில் பெரிய கடைகள் 3 என்று அச்சிட்ட முட்டையை விற்பதைத் தாமாகவே நிறுத்திக்கொண்டன. பழைய வகைக் கூண்டுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 1999இல் முடிவு குறித்து, 2012 ஜனவரி 1 முதல் முழுத்தடை கொண்டுவந்தார்கள். பண்ணையாளர்களுக்குக் கிடைத்த அவகாசம் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். சுவிட்சர்லாந்து அதற்கும் இருபது ஆண்டுக்கு முன்பே கூண்டை விட்டுவிட்டது.

இங்கே அதெல்லாம் நடக்குமா, ஒவ்வொரு முட்டைக்கும் யார் முத்திரை குத்துவது என்று கேட்பவர்களுக்கு நான் என் பணி அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். சத்துணவு முட்டையில் அரசு முத்திரை குத்தித்தான் அனுப்புகிறார்கள். கள்ளச்சந்தைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, நாளுக்கொரு நிறத்தில் முத்திரையிட்டு வந்த முட்டைகளை நான் எண்ணி வாங்கிப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். முத்திரை இருந்த ஒரே காரணத்தால், உணவகங்களில் பதுக்கிய சத்துணவு முட்டைகள் பிடிபட்டதும் உண்டு. ஆக, லட்சக்கணக்கான முட்டை ஓடுகளில் அன்றாடம் மை பதிக்கும் வேலையை நம் மாநிலம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. திருட்டைத் தடுக்க ஒரு முத்திரை சாத்தியமென்றால், வளர்ப்பு முறையைச் சொல்ல ஓர் எண் ஏன் சாத்தியமில்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் விற்கும் பிஸ்கட் பொட்டலத்திலும் மசாலாப் பொட்டலத்திலும் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் என்று குறியிடுவது கட்டாயம். கேக்கில் முட்டை கலந்திருந்தால் அந்தப் பழுப்புக் குறி இருந்தே ஆக வேண்டும். முட்டையைத் தொடாதவரின் மனச்சான்றை மதித்து நாடு முழுவதற்கும் ஒரு குறியை உருவாக்கத் தெரிந்த நமக்கு, முட்டை சாப்பிடுகிறவருக்கும் ஒரு மனச்சான்று உண்டு என்பது புரியாமல் போகக் காரணம் இல்லை.

கூண்டில்லா வளர்ப்பைப் பற்றி இனிப்பாக மட்டும் எழுதினால் அது என் தம்பியைப் போன்றவர்களுக்குச் செய்யும் துரோகம். திறந்த வெளியில் விட்டால் பருந்தும் கீரியும் நாயும் தூக்கிப்போகும். வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரு தெருவில் நுழைந்தால் தடுப்பூசி போடாத கோழிகளில் ஒன்றுகூடத் தேறாத கதையை எங்கள் கிராமங்களில் எல்லோரும் சொல்வார்கள். பறவைக் காய்ச்சல் காலத்தில் வனப்பறவைகளிடமிருந்து தொற்று வரும் ஆபத்து வெளியில் மேயும் கோழிக்கே கூடுதல். 2021 நவம்பரில் பிரிட்டனில் இதே காரணத்துக்காக எல்லாக் கோழிகளையும் கொட்டகைக்குள் அடைக்க உத்தரவிட்டு, திறந்தவெளி என்ற பெயரில் அந்த முட்டைகளை விற்பதையும் 2022இல் சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள். கூட்டமாகத் தரையில் விட்ட கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் குதறுவதும் உண்டு. கூண்டிலும் வெளியிலும் குஞ்சிலேயே அலகு நுனியை வெட்டுவதற்கு இதுவே காரணம். பரணில் ஏறி இறங்கும் கோழிகளுக்கு நெஞ்செலும்பு முறிவது வெளிநாட்டுப் பண்ணைகளில் பெரிய கவலையாக இருக்கிறது. பத்தாயிரம் கோழிகளைக் கூண்டைத் திறந்து வெளியே விட்டுவிட்டால் அவை நன்றாக வாழ்ந்துவிடாது. அதற்குத் தனித் திறமையும் கூடுதல் ஆளும் நிலமும் தீவனமும் வேண்டும்.

ஆகவே, கூண்டுக்கும் பரந்த மேய்ச்சல் வெளிக்கும் நடுவில் இருக்கும் வழியைத்தான் நம் ஊர்ப் பண்ணைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பேன். கொட்டகைக்குள் கூளம், முட்டையிட மறைவான பெட்டி, இரவில் ஏறி உட்காரப் பரண், ஒவ்வொரு கோழிக்கும் நடமாடப் போதிய தரை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கு முன் ஆழ்கூளத்தில் நாங்கள் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அன்று ரத்தக் கழிச்சலுக்கு இன்றிருக்கும் தடுப்பு முறைகள் எங்களுக்கு எட்டவில்லை. எச்சம் கீழே விழ உயர்த்திக் கட்டிய கம்பித் தளமும் கூளத் தளமும் கலந்த அமைப்பை நாங்கள் அறிந்திருக்கவில்லை. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற கூண்டில்லாக் கொட்டகை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை. இங்கேயே ஆராய்ந்து, பண்ணையாளர்கள் வந்து பார்க்கும்படி கட்டிக் காட்டலாம்.

செலவை யார் ஏற்பது என்பதே உண்மையான சிக்கல். முட்டை உற்பத்திச் செலவில் பெரும் பகுதி தீவனத்துக்கே போகிறது. நடமாடும் கோழி கூடுதலாகத் தின்னும். இடும் முட்டையும் சற்றுக் குறையும். இப்போதே தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை ஒன்றாகவும், வியாபாரி அதில் மைனஸ் என்று ஒரு தொகையைக் கழித்துக் கொடுக்கும் விலை வேறாகவும் இருக்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறுகிற மாதங்களில் பண்ணையாளர் கையிலிருந்து போட்டு நடத்துகிறார். அவரிடம் போய், கூண்டுக்கு வாங்கிய கடன் முடிவதற்குள் கூண்டைப் பிரித்துப் போடு என்று சொல்வது நியாயம் ஆகாது. கூலி வேலைக்குப் போகும் தாயிடம், ஆறு ஏழு ரூபாய் முட்டையை விட்டுவிட்டு இருபது ரூபாய் முட்டை வாங்கு என்று அறம் போதிப்பதும் நியாயம் ஆகாது. 2023-24இல் இந்தியாவின் முட்டை உற்பத்தி 14,277 கோடி. தலைக்கு ஆண்டுக்கு 103 முட்டைதான் வந்தது. 180 வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பரிந்துரை. பற்றாக்குறை இருக்கும் நாட்டில் முட்டையை ஏழைகளுக்கு எட்டாத பொருளாக்கும் எந்த மாற்றத்தையும் நான் எதிர்ப்பேன்.

ஆனால் வாங்க வசதி உள்ளவர்கள் இருக்கிறார்கள். காபிக்கு நூறு ரூபாய் கொடுக்கிற வீடுகள் நம் நகரங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவர்கள் தரத் தயாராக இருக்கும் கூடுதல் பணம் இன்று அட்டைப் பெட்டி அச்சடித்தவருக்கும் தேயிலைச் சாயம் காய்ச்சியவருக்கும் போகிறது. எண் இருந்தால் அது பண்ணையாளருக்குப் போகும். பண்ணையாளர் ஒரு கொட்டகையை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பார். கணக்கு ஒத்துவந்தால் அடுத்ததை மாற்றுவார். தடைச் சட்டத்தைவிட இந்த வழியில் எனக்கு நம்பிக்கை கூடுதல். எண் வந்தால் கிராமத்துப் பெண்களுக்கும் நன்மை உண்டு. நாட்டில் உற்பத்தியாகும் முட்டையில் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்குப் புறக்கடைக் கோழிகளிலிருந்தே வருகிறது. அரசு கொடுத்த குஞ்சுகளை வளர்த்து, வாரத்துக்கு இருபது முப்பது முட்டை சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுபோகும் பெண், தன் முட்டை அசல் என்று நிரூபிக்க முடியாமல், சாயம் போட்டவரோடு போட்டியிட்டு விலையிறக்கி விற்கிறாள். மகளிர் சுயஉதவிக் குழு வழியாக அவளுக்கு ஓர் எண்ணும் ஒரு சிறிய முத்திரைக் கட்டையும் கொடுப்பது பெரிய செலவு அல்ல.

அரசும் வாங்குகிறவர்தான், இந்த மாநிலத்தில் அதைவிட அதிகமாக முட்டை வாங்குகிறவர் வேறு யாரும் இருக்க முடியாது. வாரத்தில் ஐந்து நாள் முட்டையில் ஒரு நாள் முட்டையை மட்டும் கூண்டில்லாப் பண்ணைகளிலிருந்து வாங்குவது என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்த்தால், பண்ணையாளர்களுக்கு நிலையான சந்தை ஒன்று உருவாகிவிடும். கூடுதல் செலவை அரசு ஏற்க வேண்டும். பிள்ளைகளின் முட்டை எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. இதை நிபந்தனையாகவே எழுதுகிறேன்.

எண்ணால் தீராத ஒரு துன்பமும் இருக்கிறது. அதையும் மறைக்க நான் விரும்பவில்லை. முட்டையிடும் இனத்தில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல். அவை முட்டை இடா. கறிக்கும் ஏற்றபடி வளரா. குஞ்சுப் பொரிப்பகத்தில் முதல் நாளே பிரித்துக் கழித்துவிடுகிறார்கள். திருவிழாக் கடைகளிலும் பள்ளிக்கூட வாசலிலும் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் பூசி, கூடையில் வைத்துப் பத்து ரூபாய்க்கு விற்கிற குஞ்சுகள் பெரும்பாலும் இவைதாம். என் பள்ளிப் பிள்ளைகள் வாங்கி வந்து, அட்டைப் பெட்டியில் வைத்து, மறுநாள் செத்துக் கிடப்பதைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். கூண்டு முட்டைக்கும் கூண்டில்லா முட்டைக்கும் இது பொது. ஜெர்மனி 2022 முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்திருக்கிறது. அங்கே முட்டைக்குள்ளேயே பாலினம் அறியும் முறை வந்துவிட்டது. நாமும் அதை எட்டுவதற்குக் காலம் பிடிக்கலாம். அதுவரை சாயக் குஞ்சு விற்பனையையாவது பள்ளி வாசலில் நிறுத்த முடியும்.

என் வீட்டில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: பக்கத்துத் தெருவில் கோழி வளர்க்கும் ஒரு பெண்ணிடம் வாரத்துக்குப் பத்து முட்டை வாங்குகிறேன்; அவள் கோழிகள் மேய்வதை நான் பார்க்கிறேன். ஓய்வூதியத்தில் அதற்கு மேல் முடியாது. பேரப்பிள்ளைகள் வரும் வாரங்களில் கடை முட்டையும் வாங்குகிறேன். கேக்கிலும் பிரியாணிக் கடையிலும் நான் தின்னும் முட்டை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. முழுமையாகச் சரியாக நடந்துகொள்ளாத ஒருத்திதான் இதை எழுதுகிறேன். ஆனால் கேள்வி கேட்கும் உரிமை அதனால் எனக்கு இல்லாமல் போய்விடாது என்று நினைக்கிறேன்.

தங்கள் நாளிதழ் அன்றாடம் வணிகப் பக்கத்தில் நாமக்கல் மண்டல முட்டைக் கொள்முதல் விலையை வெளியிடுகிறது. அதன் கீழே கறிக்கோழி கிலோ இவ்வளவு, முட்டைக்கோழி கிலோ இவ்வளவு என்றும் இரண்டு வரிகள் வருகின்றன. அந்த முட்டைக்கோழி என்பது, நான் மேலே எழுதிய, ஒன்றரை ஆண்டு கூண்டில் நின்று கழிக்கப்பட்ட கோழிதான். அந்தப் பட்டியலில் கூண்டில்லா முட்டை என்று இன்னொரு வரியைச் சேர்க்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இப்போதைக்கு அந்த வரிக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தாலும் சரி. எந்தப் பண்ணை, என்ன விலை என்று செய்தியாளர் ஒருவர் விசாரிக்கத் தொடங்கினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
மோகனூர், நாமக்கல் மாவட்டம்.